மெயின் அணையும்வரை

கேப்டன் ருதுஜா,
வியாழன் இரவு ஒன்பதரைக்கு
மும்பை வானத்தில் ஒரு கிழிசல் விழும்.
நீ போய்த் தைப்பாய்.
விளம்பர இடைவேளைக்குள் முடிச்சும் போட்டுவிடுவாய்.
நெற்றியில் ஒரு கீறல், அதுவும் புருவத்துக்கு மேலே,
அழகு கெடாத இடமாய்ப் பார்த்து.

வீட்டுக் கதவு திறக்கும்.
அடுத்த காட்சியில் குளித்திருப்பாய்.
எனக்கு அந்த இரண்டுக்கும் நடுவில்
குர்லாவில் ரயில் மாற வேண்டும்.

மூன்று வருடமாய் உன் மகளுக்கு ஏழு வயது.
என் ஷெரினுக்கு இதற்குள்
நாலு ஜோடி பள்ளிக்கூட ஷூ.

குறை சொல்லவில்லை.
உன்னைப் பார்க்கத்தான் இன்பராஜ்
சோற்றுத் தட்டோடு உட்காருவார்.
"உன்ன மாதிரியே இருக்கா" என்பார்.
எதில் என்று கேட்டால்,
"சாப்பாடு ஆறுறது தெரியாம நிக்கிறா பாரு."

என் வேலையில் வானம் இல்லை. குழாய்தான்.
அதில் வருவதற்கு நிறமில்லை,
பிறவியில் மணமும் இல்லை.
ஆள் தெரியாமல் செத்துவிடக் கூடாதென்று
அழுகல் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள்.
அது என் முடியில் ஏறிக்கொள்ளும்.
சீயக்காய் போட்டாலும்
தலையணை காட்டிக்கொடுத்துவிடும்.

போன வியாழன் காட்கோபர்.
நாலாம் மாடி. லிஃப்டைத் தொடக் கூடாது.
போனை வண்டியில் வைத்தேன், கைக்கடிகாரத்தையும்.
பருத்திச் சட்டை, பித்தளை ஸ்பேனர்.
மெட்டியைப் பற்றி மட்டும்
விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆட்களை இறக்கியாகிவிட்டது.
தட்டில் பாதிச் சப்பாத்தி,
ஊறுகாய் விரல் பட்ட ரிமோட்.
ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
நீ.

அணைக்க முடியாது, ருதுஜா.
சுவிட்சைத் தட்டினால் கடுகளவு பொறி,
எனக்கும் கீழ்மாடிக்கும் அது போதும்.
கீழே யாதவ் மெயினை அணைக்கப் போயிருக்கிறான்.
மீட்டர் அறைக்குப் பூட்டு,
சாவி செகரட்டரியிடம்,
செகரட்டரி கூட்டத்தில் எங்கோ.
அதுவரை ஓடுவது ஓடட்டும் என்பதுதான் விதி.

ஓடினாய்.
வெளி வால்வு, யாரோ பெயிண்டால் பூசி மெழுகியது, அசையவில்லை.
டிடெக்டர் கீச்சிட, மேடைக்கடியில் குந்தி
உள் வால்வோடு நான் மல்லுக்கட்ட,
என் முதுகுக்குப் பின்னால் நீ
கிழிசலின் விளிம்பில் நின்று
மகளோடு போன் பேசினாய்.
வயலினெல்லாம் வாசித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. வேலையிடத்தில் போன்!
எங்கள் பட்டேல் சார் பார்த்திருந்தால்
உனக்கு மெமோ.

வால்வு கால் சுற்று திரும்பி நின்றது.
"அம்மா, எப்போ வருவே?" என்றாள் உன் பெண், இந்தியில்.
என் கையும் நின்றது.
ஒரு மூச்சு நேரம்தான்.
அறிக்கையில் அதை எழுதவில்லை,
உன்னிடம் சொல்கிறேன்.
நீ வாயைத் திறந்தாய்.
மெயின் போயிற்று.

மீதிச் சுற்றுகளை நெற்றி விளக்கில் திருப்பினேன்.

இறங்கி வந்து பார்த்தால்
வீட்டிலிருந்து ஏழு தவறிய அழைப்பு.
வயிறு கலங்கிக் கூப்பிட்டேன்.
"அம்மா, காம்பஸ் பாக்ஸ் எங்க?"

பன்னிரண்டரைக்கு வீடு.
அவர் வாயைத் திறந்தபடி சோபாவில் தூங்குகிறார்,
ஷெரின் விழித்திருக்கிறாள், காலையில் ஜாமெட்ரி டெஸ்ட்.

"ருதுஜா என்னடி சொன்னா, மக கேட்டதுக்கு?"

"பத்து நிமிஷத்துல வந்துடுவேன்னா."

"பொய்யி" என்றேன்.

"தெரியும்மா. அந்தப் பொண்ணுக்கும் தெரியும்.
சும்மா சரின்னு சொல்லிச்சு."

காம்பஸ் பாக்ஸ் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது,
எப்போதும் இருக்கும் இடத்தில்.
எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது
என் முடியை முகர்ந்து மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னிக்கு பெருசாம்மா?"

"சின்னதுதான்" என்றேன்.

சரி என்றாள்.