பிற

செவ்வாய்க்கிழமை எடை பார்க்கும் நாள்.
தராசுக் கொக்கியில் தொங்கிய துணித்தொட்டிலில்
வனரோஜாவின் பையன் ஜீவிதன்
அழக்கூட இல்லை.
இரண்டரை வயது. எட்டுக் கிலோ இருநூறு.

'தேரை விழுந்திருச்சுக்கா' என்றாள்,
தூறல் விழுந்திருச்சு என்பதுபோல.

முன்னெல்லாம் பேரேடு இருந்தது.
காரணம் என்ற கட்டம்
கட்டைவிரல் நகத்தளவு.
தேரை இரண்டே எழுத்து,
அழகாக உட்காரும்.
ஒருமுறை எழுதியும் விட்டேன்.
மேலிருந்து சிவப்பு மையில் சுழித்து
'இது என்ன?' என்று கேட்டு வந்தது.

என்னவென்று சொல்வேன்.
தவளை என்றால் நீரில் கிடக்கும், கத்தும்,
மழைக்குச் சாட்சி சொல்லும்.
நுணல் தன் வாயால் கெட்டது.
தேரை வாயே திறக்காமல் கெட்டது.
தேங்காயை உடைத்து உள்ளே ஒன்றுமில்லையா,
தேரை.
அத்தனை உயரம் அது எப்படி ஏறும் என்று
கொரடாச்சேரிச் சந்தையில் ஒருவரும் கேட்டதில்லை.
பிள்ளைக்கு வயிறு உப்பி, கைகால் குச்சியாகி,
புட்டத்துத் தோல் மடிந்து தொங்கினால்
ராத்திரி மேலே தாவியிருக்கும்.
கல்லுக்குள் இருந்தாலும் அதற்குச் சோறு உண்டாம்.
அந்தக் கல்லைத்தான்
இருபத்தோரு வருடமாக நானும் தேடுகிறேன்.

இந்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது
ஆடி கழிந்து.
நடவு எந்திரம் அதற்கு முன்பே வந்துவிட்டது.
குறுவை போச்சு,
சம்பாவுக்குப் பதினோரு நாள் வேலை என்றாள் வனரோஜா.
அதைக் காரணமாகச் சொல்லவில்லை,
சும்மா, பேச்சோடு பேச்சாக.

தேரை என்று சொல்லிவிட்டால்
யார்மீதும் வழக்கில்லை.
புருஷன்மீதில்லை, மிராசுமீதில்லை,
முட்டை வண்டி வராத இரண்டு வாரத்தின்மீதில்லை,
அந்த இரண்டு வாரமும்
மேலே எழுதிப்போடாத என்மீதும்.

இப்போது எல்லாம் செல்போனில்.
காரணத்தைத் தொட்டால் பட்டியல் விரிகிறது.
காய்ச்சல்.
வயிற்றுப்போக்கு.
குறை எடைப் பிறப்பு.
இடப்பெயர்வு.
பிற.
பசி அதில் இல்லை. தேரையும் இல்லை.
'பிற'வைத் தொட்டேன்.
பச்சையில் ஒரு 'சரி' விழுந்தது.
அதற்குள்தான் இருக்கிறது அது,
காற்றுப் புகாத இரண்டெழுத்துக்குள்,
தொண்டை மட்டும் துடிக்க.

அரிசி மூட்டைக்குப் பின்னால்
நிஜமாகவே ஒன்று உண்டு.
உப்புத் தூவச் சொன்னார்கள்.
சமைக்கும் ரெஜினா கேட்கவில்லை.
'அது பாட்டுக்குப் பூச்சி தின்னுது,
நம்ம அரிசியவா தின்னுது?'
அதைக் கண்ட வனரோஜா
பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள்.
பார்க்காதே என்று கண்ணைப் பொத்தினாள்.
விரலிடுக்கில் அவன் பார்த்தான்.
அதுவும் பார்த்தது,
இமைக்கும்போதெல்லாம் எதையோ விழுங்குவதுபோல.

மாசியில் அவன் ஒன்பது கிலோவைத் தொட்டான்.
சத்துமாவா, முட்டையா,
திருவாரூரில் மந்திரித்துக் கட்டிய கயிறா,
எதில் தேறினான் என்று கேட்கும் கட்டம்
போனில் இல்லை.

பங்குனியில் ஆழித்தேர் பார்த்துவிட்டு வந்த வாரம்
முழு வாக்கியம் ஒன்று பேசினான்,
முதன்முதலாக.
'தேரைப் பாத்தேன்.'

வனரோஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.
'எந்தத் தேரைடா? எங்க?'

அவன் இரண்டு கையையும்
எட்டுமட்டும் விரித்தான்,
அம்மாம் பெரிசு.
பிறகு அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிச்
சிரித்தான்.