வருகைப் பதிவேடு

அன்று மொழிபெயர்த்தது நான்தான்.
வேறு யாராவது சொல்வதற்கு முன்
நானே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடக் கொட்டகை. மார்ச் வெயில்.
கீழே சால்வீன் இளைத்துக் கிடந்தது,
மணல்திட்டில் கடலைச் செடி பூத்திருந்தது.
அக்கரை பர்மா. இக்கரைக்கு
பாங்காக்கிலிருந்து ஆறு பேர்,
ஒரு ப்ரொஜெக்டர், அதற்கு ஒரு ஜெனரேட்டர்.
மின்சாரம் எடுக்க வந்தவர்கள்
மின்சாரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

அவர்கள் பேசியது தாய் மொழி.
எங்கள் தாய்மொழி கரென்.
நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில்
அறுநூறு பாத் கூலிக்கு
நான் நின்றேன்.

‘நீர்மட்ட உயர்வு’ என்றார் பொறியாளர்.
தண்ணீர் கொஞ்சம் ஏறும் என்றேன்.
‘பாதிக்கப்படும் குடும்பங்கள்’ என்றார்.
சிலர் வீடு மாற வேண்டிவரும் என்றேன்.
கொஞ்சம், சிலர்
இரண்டும் அவர் சொல்லாதவை.
நான் போட்டது,
வலிக்காமல் இருக்கட்டுமே என்று.

பிறகு பதிவேடு சுற்றி வந்தது.
கையெழுத்துப் போட்டால் சாப்பாட்டுப் பொட்டலம்:
சோறு, பொரித்த கோழி, ஒரு முட்டை.
நோ மூ க்லேர் கட்டைவிரலை
மைப்பெட்டியில் அழுத்தி எடுத்தாள்.
துடைக்காமல் அந்த விரலாலேயே முட்டை உரித்தாள்.
வெள்ளையில் நீலக் கோடுகள்.
அப்படியே தின்றாள்.

ஏழு மாதம் கழித்து வந்த அறிக்கையில்
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
‘கலந்துகொண்ட எண்பத்து மூவரும்
திட்டத்தை வரவேற்றனர்.’
பின்னிணைப்பில் எங்கள் பெயர்கள்.
அவள் ரேகை, ஜெராக்ஸ் கறுப்பில்.
முட்டைக்கு வைத்த கைநாட்டு
ஆற்றுக்கு வைத்ததாகியிருந்தது.

படகுத்துறையில் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன்,
என் சொல் ஒன்றும் சேர்க்காமல்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
ஸோ பா லெர் எஞ்சினை அணைத்துவிட்டு
‘இன்னொரு தடவை படி’ என்றான்.
படித்தேன்.
மூன்றாம் தடவையும் கேட்டான்.
அதுதான் திட்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றிலிருந்து எடுத்ததை
அளக்க ஆரம்பித்தோம், பதினாறு ஊரிலும்.
யார் வலையில் என்ன மீன், எத்தனை கிலோ,
எந்தத் திட்டில் எத்தனை மூட்டை கடலை.
கட்டம் போட்ட கணக்கு நோட்டு,
மழையில் ஊறிப் பருத்துப்போன நோட்டு.
பாதியில் மேல்துறைக்காரர்கள் வராமல் நின்றார்கள்.
அணை வந்தால் ரோடு வரும் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.
ரோடு எனக்கும்தான் வேண்டும்.
பிரசவ வலியோடு என் தங்கை
ஆறு மணி நேரம் படகில் கிடந்தாள்.
அதையும் நோட்டில் எழுதினோம்,
எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல்
ஓரத்தில்.

இரண்டாம் கூட்டம். அதே கொட்டகை.
பதிவேடு ஒவ்வொரு மடியிலும் சற்றுத் தங்கி
வெறுந்தாளாகவே திரும்பிப் போனது.
சோறு நாங்களே கட்டிக்கொண்டு போயிருந்தோம்,
வாழையிலையில் மிளகாய்த் துவையலும்
சுட்ட ஆற்று மீனும்.
வந்தவர்களுக்கும் வைத்தோம்.
கண்ணாடி போட்ட ஓர் இளம் அதிகாரி
பசியோடு வாங்கிக்கொண்டார்.
‘இவர் கையெழுத்துப் போட்டாரா?’
என்றாள் நோ மூ க்லேர்.

நான் வாய் திறக்குமுன்
கொட்டகை சிரித்துவிட்டது.
‘என்ன சொல்கிறாள்?’ என்றார் பொறியாளர்.
சொன்னேன். உள்ளபடியே.
அந்த இளைஞர் மட்டும்
மீனைக் கீழே வைக்கலாமா என்று யோசித்தார்.
சாப்பிடுங்கள் என்றோம்.

அறிக்கை திருத்தத்துக்குப் போயிருக்கிறதாம்.
திரும்பி வரும்.
மணல்திட்டில் இந்த வருடமும் கடலை போட்டாயிற்று.
கூட்டங்களுக்கு இப்போதும் போகிறேன், கூலியில்லாமல்.
‘நீர்மட்ட உயர்வு’ என்று யாராவது சொன்னால்
எழுந்து நிற்கிறேன்,
ஒன்றும் பேசாமல்
கொட்டகைக் கூரையைக் காட்டுகிறேன்.