பலம்: நான்கு

ஒடாருவில் குனிஹிகோ
கிடைத்த புள்ளிகளையெல்லாம்
அதிர்ஷ்டத்தில் கொட்டினான்.
முப்பத்தோராம் நிலை வரை
ஓநாய்கள் பாய்ந்து பாய்ந்து
அவனை மட்டும் தவறவிட்டன.
செத்த வௌவாலின் வயிற்றில்கூட
மாணிக்கம் கிடந்தது.

பிறகு அந்தத் துருப்பிடித்த கதவு.
பலம் பன்னிரண்டு வேண்டும் என்றது.
அவனிடம் நான்கு;
ஆட்டம் தொடங்கியபோது தந்த அதே நான்கு.

திரும்பி நடந்தான், முதல் புல்வெளிக்கு.
அங்கிருந்த நத்தைகள் இப்போது
தலைக்கு ஒரு துளி அனுபவம்தான் தரும்.
நசுக்கினான். நசுக்கினான்.
சோயா சாஸ் தெறித்த சட்டையோடு,
மீன் தொழிற்சாலைக்குக் கிளம்பச் சொல்லி
நாலரை மணி அலாரம் அடிக்கும்வரை.

பலம்: ஐந்து.

வாசல் கதவைத் தள்ளினான்.
இரவெல்லாம் பெய்த பனி
மறுபுறம் தோள் கொடுத்து நின்றது.
பனி வாரும் மண்வெட்டி
வெளியே இருந்தது.