இரண்டு மணித்தியாலம்

கோட்டைச் சுவரின் பவளக்கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால்
பாணைப் பிட்டதும் தெரிகிற ஓட்டைகள்.
பழைய கல்லுக்கும் புதிதாய்ப் பூசிய சுண்ணாம்புக்கும் இடையில்
ஒரு கோடு.
அதன்மேல் விரலை இழுத்தபடி நடந்தாள் மஸாஹிரா.
களப்புக் காற்றில் அவள் முக்காடு
என் முகத்தில் அடித்தது, இரண்டு தரம்.

நான் ஹட்டன்காரி. யாழ்ப்பாணம் எனக்கு
அலுவலகச் சுற்றறிக்கையில் வந்த ஊர்.
பயிற்சி முடிந்து மிஞ்சியது ஒரு சனிக்கிழமை,
குருநகர் ஜெறாட்டின் ஆட்டோ.
போகிற இடமெல்லாம் அவனிடம் ஒரே வசனம்:
"இது எரிஞ்சு பிறகு கட்டினது."
"இது உடைஞ்சு பிறகு கட்டினது."
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மட்டும்
"இது சரியான நேரம் காட்டும்" என்றான்,
கைபேசியை ஒருக்கால் பார்த்துவிட்டு.

நூலகத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
குளிர்ந்த தரை.
கணக்குப் புத்தகத்தின்மேல் கன்னம் வைத்து
ஒரு பையன் நித்திரை.
யாரும் எழுப்பவில்லை.
இந்த நகரத்தில் எனக்கு முதலில் பிடித்தது அது.

மந்திரிமனையில் வௌவால் நாற்றம்.
சுவர் முழுக்க ஆணியால் கீறிய பெயர்கள்:
ஒரு தூணில் நிரூபனும் தர்சியும்,
அடுத்த தூணில் நிரூபனும் வேறொருத்தியும்.
சிரித்தோம்.
பிறகு தோரணவாசல், யமுனா ஏரியின் பச்சைத் தண்ணீர்,
தெருவோரம் ஒரு நினைவுக்கல்.
அதிலிருந்த பெயர்களை அவள்
வங்கியில் கையெழுத்துச் சரிபார்ப்பவள் போல
ஒன்றும் விடாமல் வாசித்தாள்.

"பஸ் எட்டுக்குத்தானே? இன்னும்
ரெண்டு மணித்தியாலம் கிடக்கு. வேற எங்க?"
என்றான் ஜெறாட்.
அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.
இருபத்துமூன்று வயது. அவனுக்கு என்ன தெரியும்.
"சோனகதெரு."
"அங்க பார்க்க ஒண்டுமில்லையே அக்கா."

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில்
ஒலிபெருக்கி கொடுத்த நேரமும் அவ்வளவுதான்.
அவளுக்கு ஆறு வயது.
வாப்பா எடுத்தவை: பால்மா டின், காணி உறுதி,
சுவர் மணிக்கூட்டுக்கு முறுக்குக் கொடுக்கும் சாவி.
மணிக்கூடு சுவரிலேயே நின்றது.
சந்தியில் உறுதியைப் பறித்தார்கள்.
சாவியை யாரும் கேட்கவில்லை.
அது புத்தளத்தில், கொட்டில் கல்வீடான பிறகும்,
ஓர் ஆணியில் தொங்குகிறதாம்.

பள்ளிவாசலில் இருந்து நூற்றுப்பத்து எட்டு.
உம்மாவின் கணக்கு.
ஆனால் யாருடைய காலால்?
பெரிய எட்டு வைத்துப் போனாள்: பூட்டிய கேற், உள்ளே புது வீடு.
திரும்பி வந்து சின்ன எட்டு வைத்தாள்:
வெறுங்காணி, கிணற்றுக்கட்டில் ஓர் ஆடு.
மஃரிபுக்கு பாங்கு சொல்லத் தொடங்கியது.
நான் மணி பார்ப்பதை அவள் காணக்கூடாது என்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஜெறாட் ஆட்டோவை நிறுத்தி, சாவியைக் கழற்றி,
பள்ளிவாசல் படியிலிருந்து
வாய்க்குள் எண்ணிக்கொண்டு தானும் நடந்து வந்தான்.
மூன்றாவதாய் ஓர் இடத்தில் நின்றான்.
அரைச்சுவர். சுவருக்குள் வேம்பு.
"இதோ அக்கா, இல்லாட்டி இன்னும்
கொஞ்சம் தள்ளியோ?"