விளக்கை அமர்த்துதல்

இந்தக் கரையில் இருநூற்றுப் பதினான்கு விளக்குகள்.
மாட்டியவன் நான்.
தென்னைக்கு ஒன்று, படிக்கு ஒன்று,
யாரும் உட்காராத பெஞ்சுக்கும் ஒன்று.
செந்தோசாவில் இருட்டு என்பது
விருந்தினர் புகார்த் தாளில் வரும் சொல்.

போன ஆண்டு ஒரு விடியலில்
நீச்சல்குள வடிகாலில்
பதினோரு ஆமைக்குஞ்சுகள்.
பிஸ்கட் அளவு. காய்ந்திருந்தன.
குளத்தடி நீல விளக்கைக்
கடல்மேல் வெளிச்சமென்று நம்பிக்
கடலுக்கு முதுகு காட்டி நடந்திருக்கின்றன.

சலவைப் பிரிவு ஹஸ்லிண்டாவிடம் மட்டும் சொன்னேன்.
அவள் மின்தூக்கியில் யாரிடமோ சொன்னாள்.
தெலுக் பிளாங்காவில் ஒரு புளோக்கே
கிளம்பி வந்துவிட்டது.

இந்த ஆண்டும் ஓர் ஆமை கரையேறியது.
இங்கே மணல்கூடக் கப்பலில் வந்ததுதான்.
தோண்டிப் பார்த்தது,
பரவாயில்லை என்று இட்டுவிட்டுப் போனது.

ஐம்பத்தெட்டு இரவுகள், முறைபோட்டுக் காவல்.
டாக்சியை நிறுத்திவிட்டு வரும் கோக் செங்,
மருத்துவமனைச் சீருடையோடே தாதி மரகதவல்லி,
சிவப்புத்தாள் ஒட்டிய கைவிளக்கில்
வேதியியல் படித்த இரண்டு பையன்கள்.
சமையற்கூடம் மிஞ்சிய பன்களை அனுப்பியது.
மேலாளர் ஒரு தடவை வந்து
படம் எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தொன்பதாம் இரவு மணல் குழிந்தது.
அன்றைக்கென்று புல்வெளியில் கல்யாண விருந்து,
நானூறு இலை.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
நான் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தேன்.

பெண்ணின் தகப்பனார் எழுந்துவிட்டார்:
"கல்யாணத்தில் விளக்கை அணைப்பதா?
யார் வாயில் வருகிற பேச்சு இது?"
நியாயம்தான்.
எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் கிடையாது.

மரகதவல்லி கைமணலைத் தட்டிக்கொண்டே வந்தாள்.
"அணைக்கவில்லைங்க. அமர்த்துறோம்.
பிள்ளைங்க புறப்படுற நேரம்."
அவர் மகளைப் பார்த்தார்.
மணப்பெண் அதற்குள்
செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

குளத்து நீலத்தை முதலில் அமர்த்தினேன்.
பிறகு படி, தென்னை, பெஞ்சு.
நாதஸ்வரக்காரர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.
பட்டு உரசும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்,
அப்புறம் அதுவும் இல்லை.
கருப்பாய் ஒரு பிசிறு
கறுத்த மணலில் ஊர்ந்து
அலையிடம் போய்ச் சேர்ந்தது.
இன்னொன்று.
இன்னொன்று.

எண்பத்துமூன்று என்றான் ஒரு பையன்.
எண்பத்தைந்து என்றான் மற்றவன்.
அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மறுநாள் மேலாளர் கேட்டார்,
மிச்சமான மின்சாரம் எத்தனை யூனிட்,
ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டுமாம்.
சொன்னேன்.
பதினொன்று என்ற எண்ணுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இப்போது இரவு இரண்டு மணி.
கரை இருட்டாய் இருக்கிறது, என் பொறுப்பில்.
எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள்
ஊர் ஊராய் எரிகின்றன.
அந்தப் பெட்டிகளின் சாவி
யாரிடம் இருக்கிறது என்று
கோக் செங்கைக் கேட்டேன்.
விசாரிக்கிறேன் என்றார்,
விளையாட்டாய் அல்ல.