பால் விலைக்குக் கீழே

பிரசீதா டீச்சர் வந்து கேட்டது
கரும்பலகையில் ஓர் இடம்.
"பாதி போதும் சேச்சி, சாக்பீஸ் எங்களுது."
ஒழலப்பதி பால் சொசைட்டிச் சுவரில் இருப்பதோ ஒரே பலகை:
இன்றைய கொழுப்பு, இன்றைய விலை,
தவிடு மூட்டை வந்ததா இல்லையா.
கீழ்ப்பாதியைக் கொடுத்தேன்,
அங்கே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று.

கயிறு எங்களுடையது,
செத்துப்போன சிந்திப் பசுவைக் கட்டியிருந்தது.
நுனியில் தொங்கவிட
முத்திரை போன அரைக்கிலோ படிக்கல்லை
ரேஷன் கடை அந்தோணிசாமி கொடுத்தார்.
கள்ளு இறக்கும் சுகுமாரன்
மரத்திலிருந்து இறங்கிய கையோடு வந்து
மீட்டருக்கு ஒன்றாய் முடிச்சுப் போட்டார்,
நனைந்தாலும் நழுவாத முடிச்சு.
முடிச்சுக்கொரு சிவப்பு ரிப்பன்.
ஏழாம் வகுப்பில் பாதிச் சடைகள்
அன்றே ரப்பர் பேண்டுக்கு மாறின.

புதன்கிழமை தோறும் பத்தொன்பது கிணறு.
பரக்கத்நிஷா கயிறு விடுவாள்,
மாரப்பன் கண்ணை மூடிக் காது கொடுப்பான்.
"ப்ளக்குனா தண்ணி, சொத்துனா சேறு,
டங்குனா பாறைங்க டீச்சர்."
கணக்கில் பதினொரு மார்க் வாங்கியவன்.
அவன் தலையாட்டினால்தான்
நோட்டில் எண் ஏறும்.

ஆவணியில் ஒன்பது ரிப்பன் வறண்டிருந்தது.
தையில் பதினாறு.
மாசியில், ராவுத்தர் தோட்டத்தில்,
டங்.
இன்னொரு தடவை விடச் சொன்னான் மாரப்பன்.
இன்னொரு தடவை டங்.
மூன்றாவதாக அவன் கேட்கவில்லை.
தோட்டக்காரர் மோட்டார் ரூம் சாவியைச்
சும்மா சுழற்றிக்கொண்டே நின்றாராம்.

மறுநாள் காலை, கேன் மூடியைக் கையில் பிடித்தபடி
வரிசையே குனிந்து நின்றது.
கொழுப்பு எவ்வளவு என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

மாசிக் கடைசியில் அபிதா
வீட்டிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகம் கொண்டுவந்தாள்.
அவள் அப்பா நாச்சிமுத்து,
வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
போர் வண்டி ஓட்டுகிறவர்.
கார்பன் தாளில் ஊதா எழுத்து:
640 அடி. 820. 1100.
பெயர் வேண்டாம் என்றார் டீச்சர்.
சர்வே எண் மட்டும் எழுதினார்கள்.
யார் நிலத்துக்கு என்ன எண் என்று
இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

820 என்னுடையது.
போன சித்திரையில், ராத்திரியில் போட்டது.
பக்கத்துக் காட்டுக்காரியிடம்
பழைய குழாயைக் கழுவினோம் என்று சொல்லியிருந்தேன்.
அன்று சாயங்காலம் சொசைட்டியைப் பூட்டுமுன்
பலகை துடைக்கும் துணி கையில் இருந்தது.
நான் துடைக்கவில்லை.
அப்படிச் சொன்னால் பொய்.
ஒரே ஓர் இழுப்பு. எட்டின் வலது தோள் அழிந்து
ஆறு மாதிரி நின்றது.
அதோடு விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்,
தூங்கவில்லை.

விடிகாலையில் நாச்சிமுத்து
ஆறு லிட்டர் பாலோடு வந்தார்.
பலகை முன்னால் நின்றார்.
வரிசை பேச்சை நிறுத்தியது.
மகள் செய்ததற்கு இங்கேயே அறைவார் என்று
நானும்தான் நினைத்தேன்.
"இது தப்பு" என்றார்.

சாக்பீஸை எடுத்து
1100-ஐ அடித்து 1140 என்று எழுதினார்.
"கடைசி நாப்பதடிக்கு நான் காசு வாங்கல.
வெறும் புகைதான் வந்துச்சு,
எப்பிடி வாங்குறது."

அப்புறம் மேல்வரிசைக்குக் கண் போனது.
வாயில் வெற்றிலை. மெதுவாக மென்றார்.
"இதுவும் தப்புங்க அக்கா"
என்று சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

பால் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.
பக்கத்துக் காட்டுக்காரி ஐந்தாவது ஆளாக நின்றாள்.
அன்று விலை எழுத
எட்டரை மணி ஆகிவிட்டது.