காரணம் என்ற கட்டம்

தக்கலையில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். ஐந்து நாற்காலி,
ஆறு பேர்.
கீழிருந்து ஏறிவரும் புகைபோட்ட ஷீட்டின் மணம்
சாயாவிலும் இருக்கும், சட்டையிலும் இருக்கும்,
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரி
முகம் சுளிக்கும் அளவுக்கு இருக்கும்.

என் வேலை கேட்பது.
இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று
ஒரு நாளில் நானூறு முறை
ஏபிஐயிடம் கேட்பது.
சரியாகக் கேட்டால் தருகிறதா,
தப்பாகக் கேட்டால் மறுக்கிறதா,
கேட்காமலே யாருக்காவது கொடுத்துவிடுகிறதா
என்று பார்ப்பது.

எதை வைத்துக் கேட்பது என்பதில்தான் சண்டை.

சஜினுக்கு டெஸ்க்டாப்.
அது விசிறி இரைய இரையத் திறந்து முடிப்பதற்குள்
ஒரு பழம்பொரி தின்று கை துடைத்துவிடுவான்.
எனக்குப் பிரவுசரில் ஒரு டேப் போதும்.
முகவரி அடி, நுழை, கேள்.
"சொந்தமா ஒரு வீடு வேண்டாமா?" என்பான்.
"வாடகை வீடு ஒழுகினா ஓனர் பாத்துக்குவான்" என்பேன்.

இடவப்பாதி இறங்கிய அன்று
கரண்டும் போனது, நெட்டும் போனது.
என் டேப் வெள்ளை காட்டிற்று.
சஜின் பேட்டரியில் உட்கார்ந்து
லேப்டாப்புக்குள்ளேயே சர்வரை ஓட்டி
தன்னைத்தானே கேட்டு
தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.
நெட் இருக்கும் நாளிலும் அந்த உள்சர்வர்
எனக்கு எட்டாது;
வேற்று வாசல், கூடாது என்று
பிரவுசரே குறுக்கே நிற்கும்.
நான் ஒன்றும் பேசவில்லை. மழையைப் பார்த்தேன்.

பத்தாம் நாள், அழகியமண்டபம் தாண்டும்போது
பஸ் கூரை ஒழுகி அவன் பை நனைந்தது.
நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்,
தலைப்பிட்டு, வரிசைப்படுத்தி,
யாருக்கும் தராமல் வைத்திருந்தவை.
இரண்டு நாள் பச்சரிசிக்குள் புதைத்தும்
லேப்டாப் எழும்பவில்லை.
அன்றும் நான் ஒன்றும் பேசவில்லை.
கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அந்த வாரமே குலசேகரம்.
வியாபாரி கிறிஸ்துதாஸ் போன்போட்டார், விலை தப்பாம்.
லேப்டாப் எடுத்துப் போகவில்லை. எதற்கு?
பில் போடும் அவர் கம்ப்யூட்டரில்
டேப் திறந்து, பாஸ்வேர்ட் அடித்து, கேட்டேன்.
இருநூறு என்றது சர்வர்.
எல்லாம் நலம் என்று அதற்கு அர்த்தம்.
நலமாகத்தான் வந்திருந்தது,
முந்தாநாள் விலை.
கிறிஸ்துதாஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்:
"இது எந்த நாளு வெலை மக்கா?"
சஜினின் டெஸ்க்டாப்பும் என் டேப்பும்
ஒரு வருஷமாகக் கேட்காத கேள்வி.

ராத்திரி, மரச்சீனியில் மீன்குழம்பு ஊற்றும்போது
கை நின்றது.
வெளியேறாமல் வந்துவிட்டேன்.
எல்லா வியாபாரிகளின் கணக்கையும் திறக்கும் டோக்கன்
ஷீட் அடுக்குக்குப் பக்கத்தில்,
யார் வேண்டுமானாலும் உட்காரும் ஸ்டூலுக்கு முன்னால்.
சஜினைக் கூப்பிட்டேன்.
இரவல் லேப்டாப்பில் இரண்டே நிமிஷத்தில்
டோக்கனை ரத்து செய்தான்.
ஒன்றும் பேசவில்லை.
அவனும் சிரித்திருக்கலாம்.

ஆனாலும் முதல் பஸ்ஸில் போனேன்.
கடைப் பையன் டேப்பை மூடியிருந்தான்.
திறந்ததும் பிரவுசர் பவ்யமாகக் கேட்டது:
கடைசியாக மூடியதை மீட்கட்டுமா?

வெள்ளிக்குள் டெல்பின் சாருக்குப் படிவம் தரவேண்டும்.
ஒன்றை வாங்கத்தான் பணம்.
இரண்டில் ஒரு டிக், கீழே காரணம் என்ற கட்டம்,
மூன்று வரி.
டெஸ்க்டாப்பில் டிக் போட்டேன்.
சாவி நம் பையில் இருக்கட்டும் என்பது முதல் வரி.
கேள்விகளை மட்டும் தினமும் சாயங்காலம்
வேறொரு இடத்தில் நகலெடுப்போம்,
மழை இருக்கிறது என்பது இரண்டாவது.
மிச்சமிருந்த வரியில்
விலையோடு தேதியையும் கேட்கவேண்டும்
என்று எழுதிவைத்தேன்.
கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
சார் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.